காதுகுத்து அன்று மாட்டிக்கொண்ட கேமரா

அருப்புக்கோட்டை
23.11.2025

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் திரு. அருஞ்சுனை அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் சோணைமுத்து பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் தங்கள் தங்கை சுந்தராம்பாளும் மகள் தங்கமாரியும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று 1998-ஆம் வருடம் புரட்டாசி மாதம் எங்கள் வீட்டு வாசலில் நின்று தாங்கள் சொல்லிவிட்டபடியால், கேட்காமலேயே தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். தங்கள் மனைவி ஆவுடைத்தாய் அக்காவுக்கும் மருமகன் மாதவனுக்கும் என் அன்பு. நரிக்குடியில் மழை உண்டா, கண்மாயில் தண்ணீர் ஏறியதா, தங்கள் உரக்கடைக்கு யூரியா லோடு வந்ததா என்பதையும் அதே போல நல்லவிதமாகவே வைத்துக்கொள்கிறேன்.

இந்த உறையில் கடிதத்தோடு ஒரு படமும் இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடித்த பிறகே படத்தைப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். ஆனால் இதற்குள் பார்த்திருப்பீர்கள். பரவாயில்லை, கடிதத்தைக் கிழிக்காமல் இருந்தால் போதும். போனில் பேசலாம் என்றால் என் நம்பரைக் கண்டதும் கட் செய்துவிடுகிறீர்கள். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் தொண்டைச் செருமலைக் கேட்டதும் கட் செய்துவிடுகிறீர்கள். நேரில் வந்தால் கடைக்குள் இருந்துகொண்டே ஆளில்லை என்று சொல்லச் சொல்வீர்கள். ஸ்பீடு போஸ்டு என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆகவேண்டும்.

விஷயம் என்னவென்றால், தங்கமாரிக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை மல்லாங்கிணறு, மின்வாரியத்தில் வேலை, நல்ல பையன். தை மாதம் முகூர்த்தம். மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. தங்கள் தங்கை மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் அன்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "எங்கண்ணன் வந்து நிக்காம இந்த வீட்ல பந்தக்கால் ஊனக்கூடாது." அவ்வளவுதான். பிறகு உள்ளே போய் உளுந்து ஊறப்போட்டாள். இருபத்தேழு வருடத்தில் அவள் இதைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான் மச்சான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நம்ம வழக்கு உங்களுக்குத் தெரிஞ்சதுதான். இருந்தாலும் என் பக்கத்தையும் ஒரு தடவை எழுத்துல வச்சுக்கிட்டா நல்லதுன்னு எழுதுறேன். தங்கமாரிக்கு ஒரு வயசுல குலசாமி கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்துனோம். தாய்மாமனா நீங்க சீரோட வந்தீக. கூட ஒரு கிடாயும் புடிச்சிட்டு வந்தீக. நான் வெளையாட்டுக்கு, கிடா கொஞ்சம் எளச்சாப்ல இருக்கேன்னு சொன்னேன். நாலு பேரு சிரிச்சிட்டாக. உங்களுக்கு மொகம் மாறிப்போச்சு. சரி, அத அன்னைக்கே பெரியவுக பேசித் தீர்த்துட்டாக. ஒரு மாசம் கழிச்சு நீங்க வீட்டுக்கு வந்தப்பதான் ஆல்பம் வந்துச்சு. வாங்கிப் பொரட்டுனீக. எங்க சித்தப்பா இருக்காரு, பங்காளிக அத்தனை பேரும் இருக்காக, கோயில் வாசல்ல படுத்துருந்த நாயிகூட ரெண்டு படத்துல இருக்கு, தாய்மாமன் மடியில பிள்ள இருக்குற படம் மட்டும் இல்ல. மூணு தடவ பொரட்டுனீக. ஆல்பத்த மூடி வச்சிட்டு அந்த யோக்கியதை வார்த்தைய சொல்லிட்டு பஸ்ஸு ஏறிட்டீக. வேணும்னே படம் எடுக்கவிடாம செஞ்சேன்னு என் மேல பழி. போட்டோக்காரர்ட்ட, மச்சான் மடியில பிள்ள இருக்கப்ப நல்லா எடுப்பான்னு சொன்னதே நான்தான். அத அன்னைக்கும் சொன்னேன், நீங்க நம்பல. இன்னைக்கு நம்புவீக, ஏன்னா படம் கெடச்சிருச்சு. எப்பிடிக் கெடச்சுதுங்கிறதத்தான் இனிமே எழுதப்போறேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

மூணு வருசத்துக்கு முந்தி மில்லுல இருந்து ரிட்டயர்டு ஆனேன். முப்பத்தோரு வருசம் பிட்டரு வேலை பாத்த கை சும்மா இருக்குமா. மொதல்ல மிக்ஸியக் கழத்துனேன். மாட்டுன பெறகு ஓடுச்சு, ஆனா சட்னி எல்லாம் மூடியத் தூக்கிக்கிட்டு மேல வந்துச்சு. பெறகு பேனு. அது காத்தக் கீழ அனுப்பாம மேல அனுப்புச்சு. தையல் மிஷினக் கழத்தப் போனப்ப உங்க தங்கச்சி திருப்புளியப் புடுங்கி வச்சுக்கிட்டா. ஓடுற சாமான்ல கை வைக்கக்கூடாது, வச்சா ஓடாத சாமான்ல வச்சுக்கிடணும்னு உத்தரவு. அத நான் சட்டமா எடுத்துக்கிட்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்க ஒரு சிமெண்டுச் சாக்குல ஏழு கேமரா கெடந்துச்சு. எல்லாம் பிலிம் போட்டு எடுக்குற அந்தக் காலத்து கேமரா. ஒண்ணுகூட ஓடல. எனக்குன்னே போட்டு வச்ச மாதிரி இருந்துச்சு. சாக்கோட தூக்கிட்டு வந்துட்டேன்.

ஸ்பின்னிங் மிஷினுக்குள்ள இருக்குற அத்தனையும் கேமராவுக்குள்ள இருக்கு மச்சான், என்ன, எள்ளு அளவுல இருக்கு. பல்சக்கரம் இருக்கு, ஸ்பிரிங்கு இருக்கு, ஒண்ணு இழுத்தா ஒண்ணு விடுற கொக்கி இருக்கு. மொதக் கேமராவுல மேல் மூடியத் தூக்கினேன், ஒரு சின்ன ஸ்பிரிங்கு டிங்னு ஒரு சத்தம் போட்டுச்சு, அவ்வளவுதான், ஆளக் காணோம். வீட்டக் கூட்டி, கூட்டுனதையெல்லாம் மாவு சலிக்கிற சல்லடையில சலிச்சுப் பாத்தேன். ரெண்டு கம்மலு திருகாணி, தங்கமாரியோட பால் பல்லு ஒண்ணு, எல்லாம் கெடச்சுச்சு, ஸ்பிரிங்கு கெடைக்கல. பத்து நாள் கழிச்சுப் பக்கத்து வீட்டு சந்தனம்மாள் வாயப் பொத்திக்கிட்டு வந்து நிக்கிது. அதுக வீட்டு மாடியில கூழ்வத்தல் ஊத்திக் காயப்போட்டுருந்துச்சாம், பொரிச்சுக் கடிச்சா உள்ள ஸ்பிரிங்கு. கடவாப் பல்லுல பாதி போச்சு. உங்க தங்கச்சி அதக் கூட்டிக்கிட்டுப் பல்லாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா. எனக்கு ஒரே சந்தோசம், எண்ணெயில பொரிஞ்ச பெறகும் ஸ்பிரிங்கு அதே மாதிரி விறைப்பா இருந்துச்சு. அதச் சந்தனம்மாள்ட்டயே சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

ரெண்டாவது கேமராவுல எண்ணெய் விட்டேன். மில்லுப் பழக்கம், இறுகிப்போனது எதுவா இருந்தாலும் எண்ணெய் விடணும். கேமரா ஷட்டருக்கு எண்ணெய் ஆகாதுன்னு எனக்கு யாரு சொன்னா. அதுல இருக்குற தகடு ஒண்ணொண்ணும் வெங்காயத் தோலு கனம்தான், எண்ணெய் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். ஒரு செகண்டுன்னு வச்சு அமுக்குனேன். ஷட்டரு தொறந்துச்சு. நான் போயிச் சாப்பிட்டு, கை கழுவி, கொஞ்சம் கண்ணசந்துட்டு வந்தப்பத்தான் மூடுச்சு. பெறகு பெட்ரோலு தொட்டு ஒவ்வொரு தகடாத் தொடச்சு, தங்கமாரி நகத்துப் பூச்ச அழிக்க வச்சிருந்த தண்ணிய விட்டுக் கழுவி, காலுல தச்ச முள்ள எடுக்குற முள்ளுவாங்கியால பொறுக்கிப் பொறுக்கி மாட்டி, அஞ்சாவது வாரம் ஷட்டரு பட்டுனு மூடுச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சாம்பாரு பெட்ரோல் வாட அடிக்குதுன்னு உங்க தங்கச்சிக்கும் கலங்கிருச்சு.

அடுத்தது லென்ஸு. அதக் கழத்தித் தொடச்சு மாட்டுனா, தூரத்துச் சாமான் தெளிவாத் தெரியுதான்னு பாக்கணும். கண்ணுக்கு எட்டுன கடைசித் தூரத்துக்கு இன்பினிட்டின்னு பேரு. கேமராவோட முதுகத் தொறந்து எண்ணெய்க் காகிதத்த ஒட்டி, தலையில துண்டப் போத்திக்கிட்டு அதுல விழுற உருவத்தப் பாக்கணும். மாடியில நின்னு அப்பிடிப் பாத்தேன். ரெண்டாவது நாளு சந்தனம்மாள் வீட்டுக்காரரு வந்து, துண்டப் போத்திக்கிட்டு மாடியில என்ன பார்வைன்னு கேட்டாரு. இன்பினிட்டியப் பாக்குறேன்னு சொன்னேன். அந்தப் பொம்பள யாருன்னாரு. அதுக்கு மேல விளக்கம் சொல்ல நேரம் சரியா இல்ல. அதோட டவுனு வேண்டாம்னு முடிவு பண்ணி, ஸ்டாண்டையும் கேமராவையும் தூக்கிக்கிட்டு எம்.ரெட்டியபட்டி பஸ்ஸுல ஏறிட்டேன். நம்ம கரிசக்காட்டுல நின்னா கண்ண மறைக்க ஒண்ணும் கெடையாது, அடிவானத்துல நிக்கிற ஒத்தப்பனைய வச்சு லென்ஸ சரிபண்ணலாம். இன்பினிட்டிக்கு இந்த ஜில்லாவுல நம்ம பக்கத்த அடிச்சுக்க எடம் இல்ல.

ஆனா அங்கயும் நிம்மதியா விடல. ஸ்டாண்ட நட்டு, துண்டப் போத்தி அரைமணி நேரங்கூட ஆகல, வெளிய எட்டிப் பாத்தா இருபது பேரு நிக்கிறாக. பருத்திக்காட்டுல நின்னவுக, ஆடு மேய்க்கிறவுக, ஷேர் ஆட்டோவுல போனவுக எல்லாம் எறங்கிட்டாக. நாலுவழிச் சாலைக்கு அளக்க வந்த ஆபீசருன்னு நெனச்சிட்டாக. இல்லய்யா, கேமரா ரிப்பேருன்னு சொன்னா, ஆமா, அப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருப்பாகன்னு ஒரு பெரியவர் தலைய ஆட்டுறாரு. ஒருத்தர் வீட்டுக்கு ஓடிப்போயிப் பட்டாவ எடுத்துட்டு வந்துட்டாரு. இன்னொருத்தர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ரோட்டக் கொஞ்சம் தெக்க தள்ளிப் போடுங்க, அது எங்கண்ணன் காடு, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாருன்னாரு. அந்த அண்ணனும் கூட்டத்துலதான் நின்னுக்கிட்டிருந்தாரு. அவுக ரெண்டு பேரும் பெறகு பேசிக்கிட்ட விதத்த நான் எழுதல. கம்மங்கூழு குடுத்து உபசரிச்சாக, அத மறக்கக்கூடாது. குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன். லென்சு மட்டும் சரியாயிருச்சு.

இப்பிடி ரெண்டு வருசத்துல அஞ்சு கேமராவ ஓட வச்சேன் மச்சான். மிச்சம் ரெண்டுக்குச் சாமான் வேணும். பழைய சாமான் யார்ட்ட இருக்கும்னு யோசிச்சப்பத்தான் நம்ம இம்மானுவேல் தம்பி ஞாபகம் வந்துச்சு. காதுகுத்துக்குப் படம் எடுத்தவரு அவருதான். இப்ப ஸ்டூடியோ இல்ல, அதே எடத்துல செராக்ஸ் கடை வச்சிருக்காரு. போயிக் கேட்டேன். பீரோவுக்கு அடியில இருந்து ஒரு அட்டைப்பெட்டிய இழுத்து, பாக்காமலே என் கையில குடுத்து, எல்லாத்தையும் கொண்டு போங்கண்ணேன்னுட்டாரு. பெட்டியில மூணு கேமரா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ஒண்ணக் கையில எடுத்தேன், கனமான ஜப்பான் கேமரா. சுத்துற கைப்புடி நகரவேயில்ல. முதுக மூடுற கொக்கியில பெருவெரல வச்சிட்டேன், அமுக்க வேண்டியதுதான் பாக்கி, அப்பத்தான் பிலிம் எண்ணிக்கை காட்டுற சின்னக் கண்ணாடியப் பாக்குறேன், இருபத்தி மூணுல நிக்கிது. எதுக்கும் இருக்கட்டும்னு பிலிமத் திருப்பிச் சுத்துற குமிழ லேசாத் திருகுனேன். கைய எதோ பிடிச்சு இழுக்குற மாதிரி இறுக்கமா இருந்துச்சு. உள்ள பிலிம் கெடக்குன்னு அர்த்தம். அந்தக் கொக்கியத் தொறந்துருந்தேன்னா வெளிச்சம் பட்டு எல்லாம் போயிருக்கும். பெருவெரல எடுத்துட்டு இம்மானுவேலுக்குப் போனப் போட்டேன்.

அவரு டிவிஎஸ்ஸுல வந்து எறங்குனாரு. கேமராவக் கையில வாங்குனாரு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு, சேர்ல உக்காந்துட்டாரு. உங்க தங்கச்சி சுந்தரி காப்பி கொண்டு வந்து வச்சா. காப்பியத் தொடல.

"அண்ணே, இது உங்க வீட்டுக் காதுகுத்து பிலிமு"ன்னாரு.

சுந்தரி உள்ள போகாம அப்பிடியே நின்னுட்டா. அவரு சொன்னது இதுதான். உங்க மடியில பிள்ளய வச்சுக் காது குத்துறப்ப எடுத்துக்கிட்டிருந்தாரு, திடீர்னு கேமரா மாட்டிக்கிடுச்சு. அவசரத்துக்கு இன்னொரு கேமராவ எடுத்து மிச்சத்த எடுத்துட்டாரு. மாட்டிக்கிட்டத அடுத்த வாரம் மதுரைக்குக் கொண்டு போயி சரிபண்ணலாம்னு இருந்தாரு. அதுக்குள்ள ஆல்பத்தால நமக்குள்ள சண்டைன்னு காதுல விழுந்துருச்சு. இப்பப் போயிச் சொன்னா ரெண்டு வீட்டு ஆளுகளும் சேர்ந்து அடிப்பாகன்னு பயம். பெட்டியில போட்டுப் பீரோவுக்கு அடியில தள்ளிட்டாரு. பெறகு வருசம் ஆக ஆக வெக்கமாப் போச்சாம். என்கிட்ட பெட்டியக் குடுத்தப்ப அதுக்குள்ள அந்தக் கேமரா இருக்குறதே ஞாபகம் இல்லியாம். எனக்கு வந்த கோவத்துக்கு எந்திரிச்சிட்டேன். சுந்தரி என்னப் பாக்கவேயில்ல. அவர்ட்ட, "தம்பி, இத இப்பக் கழுவுனா எங்கண்ணன் தெரியுமா"ன்னு மட்டும் கேட்டா. தெரியாதுக்கா, இருபத்தேழு வருசம் நம்ம ஊரு வெக்கையில கெடந்துருக்கு, கருப்பாத்தான் வரும், இருந்தாலும் பாக்கலாம்னாரு. நானும் உக்காந்துட்டேன்.

இருட்டுல முதுகத் தொறந்து பிலிம உருவிரலாம்னாரு அவரு. எனக்கு மனசு ஒப்பல. அத்தனை வருசம் கெடந்த பிலிம் அப்பளமா இருக்கும், பல்சக்கரத்துல மாட்டிக்கிட்டு இருக்கப்ப இழுத்தா கிழிஞ்சு போகும். மேல் மூடியக் கழத்திப் பூட்டு எங்க விழுந்துருக்குன்னு பாக்குறேன், நாலு நாளு குடுங்கன்னேன். நாலு நாளும் சாப்பாட்டு மேசையில வெள்ளைத் துணி விரிச்சு, மூக்குக் கண்ணாடிக்கு மேல பூதக்கண்ணாடி வச்சு, ஒவ்வொரு திருகாணியையும் ஒரு பல்லாங்குழிக் குழியில போட்டு வச்சேன். பேனு போடக்கூடாது, தும்மக்கூடாது, யாரும் வேகமா நடக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன். வழக்கமா இதுக்கெல்லாம் சண்டை வரும். இந்தத் தடவ சுந்தரி செருப்பில்லாம, கொலுசக் கழத்தி வச்சிட்டு நடந்தா மச்சான். மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து டார்ச்சு லைட்டும் புடிச்சா. நாலாவது நாளு சுத்துற கைப்புடிக்குக் கீழ ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல மஞ்சளா ஒண்ணு தெரிஞ்சுச்சு. முள்ளுவாங்கியால எடுத்து உள்ளங்கையில வச்சேன். அரிசி. மஞ்சத் தடவுன அட்சதை அரிசி ஒண்ணு. உங்க மேலயும் பிள்ள மேலயும் எல்லாரும் போட்டாகளே, அதுல ஒண்ணு தெறிச்சு கேமராவுக்குள்ள போயி ஒக்காந்துருக்கு. முப்பத்தோரு வருசத்துல எத்தனையோ மிஷின் நின்னு பாத்துருக்கேன், ஆசீர்வாதத்தால ஒரு மிஷின் நின்னு இப்பத்தான் பாக்குறேன்.

அரிசிய எடுத்ததும் சக்கரம் நகந்து கொடுத்துச்சு. பிலிமத் திருப்பிச் சுத்துனேன், அவசரப்பட்டா ஒடையும்னு அரைமணி நேரமாச் சுத்துனேன். இனி கழுவுற வேலை. இம்மானுவேலுக்குச் சுகரு, வெரலு நடுங்குது. அதனால அவரு சொல்லச் சொல்ல நான் செய்யணும். வேண்டாத பிலிம் ஒண்ண வச்சு, கண்ண மூடிக்கிட்டு ஒரு வாரம் பழகுனேன். மருந்துத் தூளெல்லாம் தங்கமாரி ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தா. எங்க வீட்ல இருட்டறைன்னா பாத்ரூம்தான். ஜன்னல்ல கம்பளி, கதவுக்கடியில ஆறு கைலி, சாவித் துவாரத்துல புளி. மத்தியானம் ரெண்டு மணிக்கு நானும் அவரும் உள்ள போயித் தாப்பாப் போட்டோம். எப்பிடி இருட்டுங்கிறீக, என் கையே எனக்குத் தெரியல. பிலிம் டப்பாவோட மூடிய சோடா ஓப்பனரால தொறந்தேன். சுருள்ல பிலிமக் கோக்கணும், கோணலாப் போனா படம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். பாதியில இருக்கேன், காலுல ஒரு கரப்பான் ஏறுது. அசைய முடியாது. முழங்காலத் தாண்டுது மச்சான். இம்மானுவேலு மெதுவா ஜெபம் பண்ணிக்கிட்டிருக்காரு. அந்நேரம் பாத்து சந்தனம்மாள் வீட்டுக்குள்ள வந்து, அண்ணன் எங்கன்னு கேக்குது. குளிக்கிறாகன்னு சுந்தரி சொல்லிட்டா. அது ஒக்காந்து முக்கா மணி நேரம் பேசிட்டு, என்ன இன்னும் தண்ணிச் சத்தமே கேக்கலன்னு கெளப்புது. வேலை முடிஞ்சு கதவத் தொறந்து, வேர்த்து விறுவிறுத்து ரெண்டு ஆம்பளைக ஒரு டப்பாவக் கையில வச்சுக்கிட்டு வெளிய வாரோம், அது ஹால்ல நிக்கிது. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருச்சு. தெருவுல இப்ப என்ன பேசிக்கிறாகங்கிறது எனக்குத் தெரியாது.

மருந்துக்குத் தண்ணி குளுமையா இருக்கணும். நம்ம தொட்டித் தண்ணி ஐப்பசியிலயும் வெந்நிதான். மண்பானைத் தண்ணியில ஐஸக் கலந்து ஊத்துனோம். நேரம் பாத்து ஆட்டி, கழுவி, துணிக் கொடியில கிளிப்பு போட்டுத் தொங்கவிட்டோம். மேகத்துக்கு நேராப் பாத்தா, கருப்பு, கருப்பு, எல்லாம் கண்மையாட்டம். சுந்தரி பாக்காம அந்தப் பக்கமாத் திரும்பி நின்னா. கடைசியில இருந்து மூணு படத்துல மட்டும் எதோ ஒரு நெழலு இருக்கு. தங்கமாரி போனை மேல வச்சு, கருப்ப வெள்ளையா மாத்துற எதையோ அமுக்குனா. போனுக்குள்ள நீங்க வந்துட்டீக மச்சான்.

அந்த மூணுல நல்லா இருக்குறதைத்தான் இம்மானுவேலு சுத்தம் பண்ணி, பெருசாப் போட்டுக் குடுத்தாரு, உறையில இருக்கு. பனியில எடுத்த மாதிரி மங்கலாத்தான் இருக்கு. ஆனாப் பாருங்க, பட்டு வேட்டி, கருகருன்னு மீசை. பிள்ள வாயத் தொறந்து கத்துது. நீங்க அது கையப் புடிச்சுக்கிட்டுக் கண்ண இறுக்கி மூடியிருக்கீக, கன்னத்துல தண்ணி ஓடுது. குத்துனது அவளுக்கு, அழுகை உங்களுக்கும். பின்னால அக்கா ஆவுடைத்தாய் உங்களப் பாத்துத்தான் சிரிக்குது. தங்கமாரி படத்தக் கையில வாங்குனா. இந்த மாமாவையாப்பா எனக்கு இத்தனை வருசமாக் காட்டலன்னு கேட்டா. இன்னொண்ணு, படத்துக்கு வலது ஓரத்துல உங்க கிடா நிக்கிது. உண்மைய எழுதிர்றேன், எளைக்கல. நல்ல கொழுத்த கிடா. அந்த வார்த்தைக்கு இருபத்தேழு வருசம் கழிச்சு மன்னிப்புக் கேட்டுக்கிடுறேன். ஆனா படத்து விஷயத்துல என் மேல தப்பு இல்லன்னு இப்ப ருசுவாயிருச்சு. எடுக்கச் சொன்னேன், எடுத்திருக்காரு. மாட்டுனது அரிசி. அரிசி மேல கோவப்பட்டு ஒரு தாய்மாமன் கல்யாணத்துக்கு வராம இருக்கலாமா, நீங்களே சொல்லுங்க.

ஆகவே தாங்கள் பழையதை மறந்து, அக்காவுடனும் மருமகனுடனும் முகூர்த்தக்கால் ஊன்றும் அன்றே வந்திருந்து, தங்கமாரிக்கு மாலை எடுத்துக் கொடுத்து நடத்தித்தர வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கடையும் கழனியும் கன்றுகாலிகளும் குறைவின்றித் தழைக்கட்டும். கண்மாய் நிறையட்டும். பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் கூறவும்.

தங்கள் மேல் என்றும் மாறாத மரியாதையுள்ள,
சோ. சோணைமுத்து,
பிட்டர் (ஓய்வு).

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதை எல்லாம் உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால், சுந்தரியையும் இம்மானுவேலையும் உக்கார வச்சு சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். நல்லா எழுதியிருக்கேன்னு எனக்கே ஒரு இது. எடுக்கச் சொன்னதே நான்தாங்கிற எடம் வந்தப்ப இம்மானுவேலு இருமுனாரு. ரெண்டாவது தடவ அந்த எடம் வந்தப்பவும் இருமுனாரு. சுந்தரி வாசிக்கிறத நிப்பாட்டச் சொல்லிட்டு, தம்பி, என்னமோ சொல்லணும்னு இருக்க, சொல்லுன்னா. அவரு என் மொகத்தப் பாக்காமச் சொன்னாரு.

"அண்ணன் எடுக்கச் சொல்லலக்கா. 'கிடா குடுத்த மகராசன் மேல பிலிம வீணாக்காத, போயிப் பந்திய எடு'ன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. உங்கண்ணன் அழுததப் பாத்துட்டு, இவருக்குத் தெரியாம எடுத்தேன். மூணாவதுல மாட்டிக்கிடுச்சு."

நான் இல்லைன்னு சொல்ல வாயத் தொறந்தேன். தொறந்தப்பவே அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வந்துருச்சு, எங்க நின்னு சொன்னேன், கையில எந்தச் செம்பு இருந்துச்சு, எல்லாம். நெசமாவே மறந்துருந்தேனா, மறந்த மாதிரி இருந்துக்கிட்டேனான்னு எனக்கே தெரியல. நீங்க சொன்னது சரி மச்சான். அன்னைக்கு ஆல்பத்த மூடி வச்சிட்டு நீங்க சொன்ன வார்த்தை முழுக்க சரி. வேற லெட்டர் எழுதிர்றேன்னு இதக் கிழிக்கப் போனேன். சுந்தரி விடல, எழுதுனது எழுதுனபடியே போகட்டும்னு புடுங்கிக்கிட்டா. அடியில அவளும் ரெண்டு வரி எழுதணுமாம், பேனாவக் கேக்குறா. குடுத்துட்டேன்.

அண்ணே, படம் பாத்தியா. நீ அழுதது எனக்கு அன்னைக்கே தெரியும். முகூர்த்தக்காலுக்கு மொத நாளே வந்துரு, மதினியக் கூட்டிட்டு வா. இவுகள நான் பாத்துக்கிறேன். சுந்தரி.